பிழை யாருக்குச் சொந்தம்?

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் கற்க வேண்டியவை நம் காலத்தில் பெருகிவிட்டன. பாடக் குறிப்பு எழுதவும், கரும்பலகையில் வரி கோணாமல் எழுதவும், கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பேசவும் பழகினால் போதும் என்றிருந்த நிலை மாறிற்று. வாட்ஸ்அப் குழுவில் பாடம் பகிரவும், யூடியூபில் காணொளி ஏற்றவும், முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பிற ஆசிரியரோடு கருத்துப் பரிமாறவும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று இன்று எதிர்பார்க்கப்படுகிறது. கைப்பேசியில் திருமண வாழ்த்தும் இரங்கற் செய்தியும் மட்டுமே அனுப்பிப் பழகிய ஒருவருக்கு இது புதிய தெரு. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதே அங்கே தெரியாது.

கருவியைப் பழகுவது பெரிய காரியமன்று. ஒரு வாரத்தில் விரல்கள் தாமே கற்றுக்கொள்ளும். அரிதாக இருப்பது வேறொன்று. எது நான் பிறருக்குக் கொடுக்கத் தக்கது, எது என் கையில் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது என்று பிரித்தறியும் அறிவே அது.

2014ஆம் ஆண்டின் விதிமுறைகள் பி.எட். படிப்பை 2 ஆண்டுகளாக்கி, அதில் 20 வாரங்களைப் பள்ளிக் களப்பயிற்சிக்கு ஒதுக்கின. அத்தகைய பயிற்சியில் ஒரு மாணவி ஆறாம் வகுப்புக்குப் பின்னம் கற்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொல்கிறாள். ஒரு சிறுவன் எழுந்து வந்து, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டுப் பெருமிதத்தோடு திரும்பிப் பார்க்கிறான். கூட்டிய பிறகு வந்த விடை, முதலில் இருந்த அரையைவிடச் சிறிதாக இருக்கிறது! வகுப்பு சிரிக்கிறது. மேசைமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி யாவற்றையும் பதிந்துகொள்கிறது.

அதை அவள் ஆசிரியர் குழுவில் இடலாமா?

அவள் உள்ளத்தில் தீய எண்ணம் ஏதுமில்லை. இந்தப் பிழை அச்சிறுவன் ஒருவனுடைய பிழையும் அன்று. பின்னம் கற்பிக்கும் வகுப்புகளிலெல்லாம் ஆண்டுதோறும் தலைகாட்டுவது. முழு எண்களில் உண்மையாக இருந்த வழியைப் பின்னத்திலும் நம்பிச் சென்ற பிள்ளையின் பிழை அது. மற்ற ஆசிரியர்கள் கண்டால் பயன் உண்டு. பயனுள்ள ஒன்றை மறைத்து வைப்பதும் ஒருவகைக் கஞ்சத்தனமன்றோ?

ஆயினும் வகுப்பறைக்கு மறதி என்னும் நல்ல குணம் ஒன்று உண்டு. அங்கே எழும் சிரிப்பு மணி அடிக்கும்வரைதான் வாழ்கிறது. அடுத்த பாடவேளையில் அதே சிறுவன் எல்லாரையும் முந்தி விடை சொல்வான், பழையது போய்விடும். கைப்பேசிக்கு இந்தக் குணமில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கலாம். இட்டது ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேருகிறது. அனுப்பியதை எல்லாரிடமிருந்தும் நீக்கும் வசதிக்குரிய கால எல்லை 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ இரண்டரை நாளாக நீட்டப்பட்டது. அதற்குள் வேறு குழுக்களுக்குத் தாவியதை யார் திரும்ப அழைப்பார்? முகத்தை மறைத்துவிட்டேன் என்பர். குரல் இருக்கிறது, சீருடை இருக்கிறது, சுவரில் பள்ளியின் பெயர் இருக்கிறது. அயலூராருக்கு அவன் யாரோ ஒருவன். எவர் முன்னால் அவன் நாளை நடக்க வேண்டுமோ அந்தத் தெருவாருக்கு அவனைத் தெரியும்.

பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தின்மீது ஒரு குறை கூறுகிறார். எழுதப்பட்ட சொல் அறிந்தோரிடமும் அறியாதோரிடமும் ஒன்றுபோல் அலைகிறது. எவரிடம் பேச வேண்டும், எவரிடம் வாய்மூட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. எவரேனும் பழித்தால் தன்னைக் காத்துக்கொள்ளவும் இயலாது என்பது அவர் வாதம். எழுத்தைப் பொறுத்தவரை அது சற்று மிகையான குற்றச்சாட்டு என்பது என் எண்ணம். இந்தச் சிறுவனின் காணொளிக்கோ முற்றும் பொருந்துகிறது. மறுநாள் அவன் சரியாகக் கூட்டக் கற்றுக்கொண்டான் என்பதை அந்தக் காணொளி யாருக்கும் சொல்லப்போவதில்லை.

1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஆசிரியரின் கடமைகளை எடுத்துரைக்கும்போது, மாணவனைத் திருத்த நேர்ந்தால் இயன்றவரை குறிப்பாகத் திருத்துக, வெளிப்படையாகக் கடிந்து திரை கிழிக்காதீர் என்னும் கருத்தை வற்புறுத்துகிறார்கள். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையிலேயே திரை வேண்டுமெனில், முன்பின் அறியாத ஆயிரம் பேர் முன்னிலையில் வேண்டாமா?

பெற்றோர் சம்மதித்தால் என்ன என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை எனக் கொண்டு, அவரது தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆண்டு விழா மேடையில் மகன் பாடுவதைப் பகிரச் சம்மதித்த தந்தை, அவன் தடுமாறுவதைப் பகிரவும் சம்மதித்தவர் ஆகார். பிள்ளையின் வெட்கத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை தந்தைக்கே உண்டா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கடுமையான கருத்து என்று சிலர் சொல்லக்கூடும்.

அப்படியானால் அவள் வாய்மூடி இருக்க வேண்டியதுதானா? இல்லை. பிழையைத் தன் கையால் ஒரு தாளில் எழுதி, “இப்படி எண்ணும் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்?” என்று கேட்டால் பயன் முழுவதும் கிடைத்துவிடுகிறது. ஒரு தாளை ஆறு சமக் கட்டங்களாக மடித்து, அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம் என்று வண்ணமிட்டுக் காட்டச் சொல்லி எங்கோ ஒரு மூத்த ஆசிரியர் விடையளிப்பார். ஐந்து கட்டங்கள் நிறைந்திருப்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். சிறுவன் இதில் எங்கும் இல்லை. அவளுடைய சொந்தத் தடுமாற்றமோ முழுக்க அவளுடையது. தன் விளக்கம் வகுப்பில் எவருக்கும் விளங்காமற் போனதை அவள் தாராளமாக எழுதலாம். அதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

முதற் சில மாதங்கள் ஒன்றும் எழுதாமல் பிறர் எழுதுவதைப் படித்துக்கொண்டிருப்பதிலும் இழுக்கில்லை. மஜ்லிஸில் ஓரமாக அமர்ந்து கேட்பவரை எவரும் கடனாளி என்று சொல்வதில்லையே.

இதைப் படிக்கும் இல்லங்களில் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் மகளும் இருப்பாள், ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பியும் இருப்பான். பயிற்சிக்குச் செல்லும் மகள் வகுப்பில் படமெடுக்கும் முன் தலைமையாசிரியரைக் கேட்கட்டும். தம்பியின் பெற்றோரும், படம் பிடிக்கவும் பகிரவும் இசைவு கேட்டுப் பள்ளியிலிருந்து தாள் வந்தால், எந்தப் படம், எந்தக் குழுவுக்கு, எத்தனை நாளைக்கு என்று விசாரித்த பின் கையெழுத்திடட்டும்.