வாய் திறவாத கதாநாயகன்

பசறையிலோ ஹாலிஎலயிலோ லயத்து வாசலில் குந்தியிருந்து, கைத்தொலைபேசியில் விளையாடும் இளைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் ஒரு விநோதம் உண்டு. கதாநாயகன் வாயே திறப்பதில்லை. 1986இல் ஜப்பானில் வெளிவந்த ‘செல்டா’வின் வீரன் லிங்க் அப்படிப்பட்டவன். 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின் விஞ்ஞானி கோர்டன் ஃபிரீமனும் அப்படியே. மற்றவர்கள் அவனிடம் கெஞ்சுகிறார்கள், ஏவுகிறார்கள். அவனிடமிருந்து மறுமொழி இல்லை.

காரணம் எளிது. அவன் பேசினால் அவன் வேறு, விளையாடுபவர் வேறு என்றாகிவிடும். மௌனமாயிருந்தால் அந்த வெற்றிடத்தில் நாமே போய் அமர்ந்துகொள்ளலாம். இது நல்ல உபாயந்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அவனால் “மாட்டேன்” என்றும் சொல்ல முடியாதல்லவா? பிறருடைய மௌனத்துள் புகுவது அவரைப் புரிந்துகொள்வதா, அல்லது அவரை இல்லாமலாக்குவதா?

திரையில் இருப்பது வெறும் படம், அதற்கு நோவில்லை. ஊவாவில் வாழ்கிற நமக்கோ இந்தக் கேள்வி விளையாட்டல்ல. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், மறு ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்து மக்களின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவர்களுக்கென ஒருவர்கூட அங்கே இல்லை. பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரின் கதையை எழுதி முடித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கதையின் நாயகர்கள் கொழுந்து எடுப்பவர்கள்தாம். ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு வசனமும் இல்லை.

எல்லா மௌனமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவிசேஷங்களில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இரவோடிரவாக எழுந்து, பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டவர் அவரே. அந்த முடிவுக்கு அவர் தம் மனதைக் கொடுத்திருந்தார்.

நம் மக்களை “வாயில்லாப் பூச்சிகள்” என்று பரிவோடு சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பரிவு எனக்குச் சற்றே உறுத்துகிறது. வாயில்லை என்று முடிவுகட்டிவிட்டால் அவர்களுக்காக யாரும் பேசலாம். பேசியது சரிதானா என்று எவரும் கேட்கமாட்டார்கள். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். பாட்டு முன்பே இருந்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஒப்பந்தத்திற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தது. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்களின் தொகை, தலைவர்கள் குறித்த 5,25,000ஐ எட்டவேயில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ 3,00,000ஐ வெகுவாகத் தாண்டிவிட்டார்கள். பதுளை மலைகளில் பலர் கைநாட்டு வைத்துத்தான் அந்த மறுமொழியைச் சொன்னார்கள்.