அரைப்பேர் போடும் பாடசாலை

பெரகலச் சந்தியில் பாதை பிரிகிறது. கொழும்பிலிருந்து ஏறி வரும் வீதி ஒருபுறம் கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்க, மற்றது ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மேலேறுகிறது. சுற்றிலும் தேயிலை மலை. இந்தச் சரிவுகளில் மண் சமமாகக் கிடக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களம், கோயில் வாசல், பாடசாலை முற்றம். அந்த முற்றம் எதற்காக இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. தரம் 6 முதல் 9 வரை சுகாதாரமும் உடற்கல்வியும் கட்டாயப் பாடம். அதற்குப் பாடநூல் உண்டு, தவணைப் பரீட்சை உண்டு, நேரசூசியில் கட்டமும் உண்டு. ஆனால் கணிதம் முடியாமல் நிற்கிறதென்றால் முதலில் கைவைக்கப்படுவது அந்தப் பாடவேளையில்தான். மிஞ்சுகிற நேரமும் பல இடங்களில் குறிப்பெழுதுவதிலேயே கழிகிறது. ஓட்டத்தின் விதிகளைப் பிள்ளை உட்கார்ந்துகொண்டே படிக்கிறது. சாதாரண தர வகுப்புக்கு வந்ததும் அது விரும்பினால் எடுக்கும் பாடமாகிவிடுகிறது. 2025இல் கல்விச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டபோது வரலாறும் அழகியலும் என்னவாகும் என்று நாடே வாதாடியது. உடற்கல்விக்காக அந்த அளவுக்குக் குரல் எழவில்லை.

உடற்கல்விக்காகப் பேசுகிறவர்கள் வழக்கமாக நோயைக் காட்டித்தான் பேசுகிறார்கள். 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு அது வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையானோரில் 81 சதவீதத்தினருக்கு அந்த அளவு அசைவு இல்லை. பெண் பிள்ளைகளில் அது 85 சதவீதம். இவை கனமான எண்கள், மறுக்க ஏதுமில்லை. ஆனாலும் இந்த வாதம் உடம்பை ஓர் இயந்திரமாகவே வைத்துப் பேசுகிறது. பழுதாகாமல் ஓட வேண்டும், பிற்காலத்தில் மருத்துவமனைக்குச் செலவு வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பு எதற்காகத் தரப்பட்டது என்ற கேள்வியை அது தொடுவதில்லை. அது சமயத்தின் கேள்வி. சமயத்துக்குள்ளிருந்துதான் அதற்கு விடை தேட வேண்டும்.

சைவ சித்தாந்தம் இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிருக்கு இறைவன் கூட்டித் தருபவை. தனு என்கிற உடம்பு அந்த வரிசையில் முதலில் நிற்கிறது. ஆணவ இருளில் கிடக்கிற உயிர் தன்னையும் அறியாது, பிறிதையும் அறியாது. உடம்பு கிடைத்த பிறகே அதற்குச் சிறிது வெளிச்சம் வருகிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை எரிகிற விளக்குக்கு ஒப்பிடுகிறார்; உடம்பு அந்த மாயையின் காரியம். விளக்கு சூரியன் ஆகாது, உண்மைதான். அதற்காக விடியுமுன் அதை ஊதி அணைப்பவர் எவருமில்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தம் திரும்பத் திரும்பச் சொல்வது. உடம்பைச் சுமையாகவே சார்ந்து வளரும் உயிர் தன்னையும் சுமையாகவே அறியும். பாடசாலை இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தோட்டத்தில் உடம்பு எப்படி அறியப்படுகிறது என்று பாருங்கள். விடியுமுன் தப்பு அடித்து ஆட்களைப் பெரட்டுக்கு அழைத்த காலம் ஒன்று இருந்தது. அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் முழங்கியது. ஒரே தோல், ஒரே குச்சி. ஓர் அடிக்கு உடம்பு வேலைக்கு எழுந்தது, இன்னோர் அடிக்குச் சாமிக்கு ஆடியது. இந்த இரண்டில் நிறுவைத் தராசு கணக்கில் எடுத்தது முதலாவதை மட்டுமே. குறித்த கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. ஒரு மனுசியின் நாள் முழுவதும் அவள் கூடையின் எடைக்குள் சுருங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட தாயின் பிள்ளை பாடசாலைக்கு வரும்போது அங்கே அதற்கு நேரெதிரான பிழை நடக்கிறது. தோட்டம் உடம்பை மட்டும் எண்ணியது. பாடசாலை தலையை மட்டும் எண்ணுகிறது. இதுவும் அரைப்பேர்தான். இரண்டு இடத்திலும் உடம்பு தனக்கென்று இருப்பதற்கு அனுமதியில்லை. ஓரிடத்தில் அது கருவி, மற்ற இடத்தில் இடைஞ்சல்.

விளையாட்டு இந்த இரண்டிலும் சேராது. நம் சமயம் அதை அற்பமாக நினைத்ததும் இல்லை. படைத்தல் முதலான ஐந்தொழிலையும் இறைவனின் திருவிளையாட்டு என்று கூறும் அருணந்தி சிவாசாரியார், அது உயிர்களுக்காகவே நடக்கும் அருள் விளையாட்டு என்றும் தெளிவாக்குகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள அறுபத்து நான்கில் மலையகத்துக்கு மிக நெருக்கமானது பிட்டுக்கு மண் சுமந்த கதை. வையைக் கரையை அடைக்க வந்திக் கிழவியின் பங்குக்கு ஆளில்லை. சிவன் கூலியாளாக வருகிறார், கையில் கூடையோடு. உதிர்ந்த பிட்டை வாங்கி உண்கிறார், மண்ணைக் கொட்டுகிறார், பாடுகிறார், ஆடுகிறார், படுத்துத் தூங்குகிறார். வேலை நடக்கவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அடி எல்லா உயிர் மேலும் விழுகிறது, அடித்தவன் மேலும் விழுகிறது. கூடை சுமக்கிற உடம்புக்கும் ஆடப் பிறந்த உரிமை உண்டு என்று இதைவிட வெளிப்படையாக ஒரு சமய நூல் எப்படிச் சொல்ல முடியும்? கடவுள் மாணவனாகவோ அரசனாகவோ அல்ல, நாட்கூலியாக வந்தபோதுதான் அப்படி ஆடினார் என்பதைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும்.

உடம்பு நிலையாதது, அதைப் பேணுவது பற்றை வளர்க்கும் என்று பட்டினத்தாரைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. பட்டினத்தார் எல்லாவற்றையும் அனுபவித்துக் களைத்த வணிகர். அவருடைய வெறுப்பு அவர் கடந்து வந்த வழிக்குப் பொருந்தும். இன்னும் தொடங்காத ஒரு வாழ்வின் முன்னால் அதை வைப்பது முறையில்லை. உடம்பைத் துறக்க வேண்டுமென்றாலும் முதலில் அது நம்முடையதாக இருந்தாக வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு பெற்றோரிடமிருந்து வருகிறது, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். படிப்பு ஒன்றுதான் லயத்தை விட்டு வெளியேறும் வழி. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் வழி அடைபடும். ஓடி விளையாடி என்ன கிடைக்கப் போகிறது? இந்தப் பயத்துக்கு அடியில் பல தலைமுறையின் வலி கிடக்கிறது. ஆனால் விளையாட்டு நேரத்தைப் பிடுங்கினால் புள்ளி கூடும் என்ற கணக்கு மட்டும் உறுதியானதல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் த்ருவா ரிவியேர் பகுதியில் 1970களில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேர உடற்கல்வி தரப்பட்டது. அதற்காக மற்றப் பாட நேரம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. பிள்ளைகளின் புள்ளிகள் சரியவில்லை, சற்று உயர்ந்தே நின்றன. நம் பிள்ளைகளின் நிலை வேறு என்பது சரி. என்றாலும் ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும் என்ற பயத்துக்கு இந்த ஒரு சான்றாவது தடையாக நிற்கிறது.

தோட்டப் பிள்ளைகள் மலை ஏறி இறங்கித்தானே பாடசாலைக்கு வருகிறார்கள், அது போதாதா என்றும் கேட்கிறார்கள். ஏறுவது போய்ச் சேர்வதற்காக. கிளித்தட்டில் ஓடுவது எங்கும் போய்ச் சேர்வதற்காக அல்ல. கால் ஒன்றுதான், உயிர் அதை அறியும் விதம் வேறு. பசியைச் சொல்கிறவர்களின் மறுப்பு இன்னும் நியாயமானது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். அந்தக் கணக்கிலிருந்த பிள்ளைகள்தான் இன்று இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். இதற்குத் தீர்வு தட்டில் சோறும் முட்டையும். உணவைக் கொடுக்காத குறைக்கு விளையாட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வது தீர்வாகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரம் 6க்கும் 9க்கும் இடையில்தான் அவர்கள் பெரியவர்களாகிறார்கள். தீட்டு, வெட்கம், ஊர்ப் பேச்சு என்று ஒவ்வொன்றாக வந்து உடம்பை மூடுகின்றன. அதற்குப் பிறகு பொது வெளியில் ஒரு பெண் பிள்ளை காரணமில்லாமல் ஓடக்கூடிய இடம் பாடசாலை முற்றம் மட்டுமே. அந்தப் பாடவேளை போனால், அவளுடைய உடம்புக்கு எஞ்சுவது வீட்டு வேலையும் பிறகு கூடையும்தான்.

மைதானம் இல்லை என்பது மெய். ஆனால் சடுகுடுவுக்கும் கிளித்தட்டுக்கும் கயிறடித்தலுக்கும் நானூறு மீற்றர் ஓடுபாதை வேண்டியதில்லை, ஒரு முற்றம் போதும். மழை நாளில் மண்டபத்து மேசைகளைச் சுவரோரம் தள்ளினால் யோகாசனத்துக்கு இடம் கிடைக்கும். ஆகவே பெரகலையைச் சுற்றியுள்ள பாடசாலைகளின் அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள்: நேரசூசியில் ஏற்கெனவே எழுதியிருக்கிற அந்தக் கட்டத்தை இந்தத் தவணை முழுவதும் வேறு எந்தப் பாடத்துக்கும் கொடுக்காதீர்கள். கணிதம் முடியாமல் நின்றால்கூட.