யாருடைய பலவீனம்?

தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் 1857-ஆம் ஆண்டு டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் சினாடு என்னும் பேரவை கூடியது. விவாதத்துக்கு வந்த பொருள் திருவிருந்து. கொய்கொய் மக்களும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒரே மேசையில் அப்பமும் ரசமும் வாங்க வெள்ளைக் குடியேறிகள் பலருக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் கேள்விக்கு அதே திருச்சபை 1829-லேயே விடை சொல்லியிருந்தது. நிறமும் பிறப்பும் பாராமல் எல்லாருக்கும் ஒன்றாகவே திருவிருந்து தரவேண்டும், இது வேதத்தின்மேல் நிற்கும் அசையாத கொள்கை என்பது அந்த விடை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கூடிய சினாடும் கொள்கையை மறுக்கவில்லை. புது விசுவாசிகளை இருக்கிற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஒத்தது என்று மறுபடி எழுதிவைத்தது. கூடவே ஒரு விலக்கையும் சேர்த்தது. சிலருடைய பலவீனத்தால் இது கிறிஸ்துவின் பணிக்குத் தடையாகும் இடங்களில், புதியவர்கள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம்.

விலக்கு சீக்கிரமே விதியாகிவிட்டது. 1881-ல் கலப்பினத்தவர்க்கென்று மிஷன் திருச்சபை தனியாகப் பிரிந்தது. பிறகு கறுப்பர்களுக்கு வேறொன்று. இந்திய வம்சாவளியினருக்கென்றும் 1968-ல் ஒன்று உருவானது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். 1948-ல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்து அபார்ட்ஹைட் என்ற இனப்பிரிவினையைச் சட்டமாக்கத் தொடங்கியபோது பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்த டி.எஃப். மலான், ஒருகாலத்தில் இதே திருச்சபையின் போதகர். 1970-களில்கூட இந்தத் திருச்சபை பாபேல் கோபுரக் கதையை ஆதாரமாகக் காட்டி, இனங்கள் பிரிந்து வாழ்வதற்கு வேதத்தில் இடமுண்டு என்று அறிக்கை எழுதியது.

இந்த வரலாற்றை வெறும் பாசாங்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1857-ல் சினாடு கையிலெடுத்தது கிறிஸ்தவ ஒழுக்கத்தின் மிக மென்மையான கட்டளைகளில் ஒன்று: பலவீனமான சகோதரனுக்காக விட்டுக்கொடு. கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று சண்டை வந்தபோது பவுல் சொன்ன தீர்வு அது. சாப்பிட்டால் குற்றமில்லை என்று அறிந்தவன், அதைப் பார்த்து மனச்சாட்சி இடறுகிறவனுக்காகத் தன் உரிமையைக் கைவிடவேண்டும். பலமுள்ளவன் இழக்கிறான், பலமில்லாதவன் காக்கப்படுகிறான். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் கிறிஸ்துவின் தாழ்மையைச் சொல்லும்போதும் அதே திசைதான். மேலே இருந்தவர் தம் மேன்மையைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் அடிமையின் கோலத்துக்கு இறங்குகிறார். இறங்குவதற்கு ஒருவனுக்கு உயரம் இருக்கவேண்டும்.

கேப் காலனியில் பலவீனர் என்று பெயர் வாங்கியவர்கள் யார்? நிலம் அவர்களுடையது, துப்பாக்கி அவர்களுடையது, சபையின் மூப்பர் பதவியும் அவர்களுடையது. விட்டுக்கொடுக்க நேர்ந்தவர்களில் 1838 வரை எசமானின் பிடியை விட்டு விலக முடியாமல் இருந்தவர்களும் உண்டு. அவர்களிடம் துறப்பதற்கு எந்தச் சலுகையும் இல்லை. பந்தியில் ஓர் இடம் இருந்தது. கிறிஸ்தவ அன்பின் பெயரால் அதுவும் போனது. தாழ்மை என்ற கட்டளை தன் முகவரி மாறிப் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் திருச்சபை வரலாற்றில் அதிகமில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்கவேண்டும். தனித்தனிச் சபை என்பதே பாவமா? தன் மொழியில் பாட, தன் ஆளைப் போதகராக வைத்துக்கொள்ள ஒரு சமூகம் விரும்பக் கூடாதா? தாராளமாக விரும்பலாம். அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்து மெதடிஸ்ட் ஆலயமொன்றில் கறுப்பர்களை ஜெபநேரத்திலேயே இடம் மாறச்சொல்லி எழுப்பியதால், ரிச்சர்ட் ஆலனும் கூட இருந்தவர்களும் வெளியேறினார்கள். அந்தப் பாதையில் 1816-ல் உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை இன்றும் இருக்கிறது. அதுவும் தனிக் கட்டடம்தான். ஆனால் அதைக் கட்டியவர்கள் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. கட்டடம் தனியாக இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கதவைச் சாத்தியவர் யார் என்று பார்த்தாகவேண்டும்.

தாழ்மையைப் பற்றி டச்சு சீர்திருத்தத் திருச்சபை அறியாமல் இருந்தது என்றும் சொல்ல வழியில்லை. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் பெயர் தெரிந்த பக்தி எழுத்தாளர் ஆண்ட்ரூ மரே இந்தத் திருச்சபையின் போதகர்; கேப் சினாடின் தலைவராகப் பலமுறை இருந்தவர். தாழ்மையைப் பற்றி அவர் 1895-ல் வெளியிட்ட சிறு நூல் இன்றுவரை உலகெங்கும் அச்சாகிறது. கடவுளுக்கு முன் நாம் தாழ்ந்திருக்கிறோம் என்பதற்குச் சான்று மனிதர்களுக்கு முன் தாழ்ந்திருப்பதே என்று அந்த நூலே வாதிடுகிறது. அந்த நூல் வெளிவந்தபோது மிஷன் திருச்சபை பிரிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மரே என்ற தனிமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இங்கே நோக்கமில்லை. ஒரு சபை முழுவதும் தாழ்மையை உள்ளத்தின் நிலையாக மட்டும் பயின்றால், எந்த மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பது அதன் கண்ணில் படாமலே போகலாம். முழங்காலில் நின்று கண்ணீர்விடுகிறவரும் எழுந்துபோய்ப் பழைய நாற்காலியிலேயே அமர்ந்துகொள்ள முடியும்.

அந்த நாற்காலியை விட்டு எழுந்த ஒருவரின் கதை பேயர்ஸ் நௌடேயுடையது. ஆப்பிரிக்கானர் சமூகத்தின் இரகசிய அமைப்பான புரூடர்பாண்டை நிறுவியவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். மகன் 1940-ல் அதில் சேர்ந்தார். ஜொஹன்னஸ்பர்க்கில் வசதியான வெள்ளையர் சபைக்குப் போதகர், தென் டிரான்ஸ்வால் சினாடின் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்தார். கறுப்பினச் சபைகளில் பணிசெய்த இளம் வெள்ளைப் போதகர்கள் அங்கே நடப்பதைச் சொன்னபோது அவர் முதலில் முழுதாக நம்பவில்லை. வந்து பாருங்கள் என்றார்கள், போனார், பார்த்தார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அனுமதிச்சீட்டுச் (பாஸ்) சட்டத்துக்கு எதிராகத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் கோட்டெஸ்லோவில் திருச்சபைகள் கூடி, இனப்பிரிவினையை ஆதரிக்க வேதத்தில் இடமில்லை என்ற திசையில் தீர்மானங்கள் எழுதின. நௌடேயின் திருச்சபைப் பிரதிநிதிகளும் முதலில் அதை ஏற்றார்கள். பிரதமர் வெர்வூர்ட் சீறியதும் சினாடுகள் பின்வாங்கின. நௌடே பின்வாங்கவில்லை. 1963-ல் புரூடர்பாண்டைவிட்டு விலகினார். புதிதாகத் தொடங்கிய கிறிஸ்டியன் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் பொறுப்பை ஏற்றதற்காகப் பிரசங்க பீடத்தையும் இழந்தார்.

இரக்கம், பரிவு என்றெல்லாம் சொல்லப்படும் பண்பு மனத்தில் சட்டென்று பொங்கும் உணர்ச்சி என்று எண்ணுவது வழக்கம். நௌடேவுக்கு அது இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. பிறர் சொன்னதைக் கேட்பது, நேரில் போய்ப் பார்ப்பது, பார்த்ததைத் தன் சபையிடம் சொல்வது, சொன்னதற்கு விலை கொடுப்பது என்று அது மெல்லத்தான் நடந்தது. 1977-ல் இன்ஸ்டிடியூட் தடைசெய்யப்பட்டது. அவரையும் அரசு ஏழு ஆண்டுகள் தடையாணையில் வைத்தது. குடும்பத்தார் தவிர ஒரே சமயத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது. அந்தத் தடைக்காலத்திலேயே 1980-ல் வெள்ளையர் திருச்சபையைவிட்டு கறுப்பினத் திருச்சபையில் உறுப்பினராகச் சேர்ந்தார். தலைவராக வாருங்கள் என்று அவரை யாரும் அங்கே அழைத்துப்போகவில்லை. 1857-ல் சாத்திய கதவை, வெளியேறிவந்து எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினார் என்று சொல்லலாம்.

இந்த இடத்தில், கறுப்புத் தன்னுணர்வு இயக்கத்தை முன்னெடுத்த ஸ்டீவ் பிக்கோவையும் கேட்டாகவேண்டும். 1967-ல் கிரஹாம்ஸ்டவுனில், ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் தேசிய மாணவர் சங்க மாநாடு நடந்தபோது கறுப்பின மாணவர்கள் வளாகத்தில் தங்க அனுமதி மறுக்கப்பட்டது. வெள்ளை மாணவர்கள் கண்டனத் தீர்மானம் போட்டார்கள், மாநாடும் தொடர்ந்தது. பரிவோடு பேசும் வெள்ளைத் தாராளவாதிகள் கறுப்பர்களின் வலியைத் தாங்களே எடுத்துச்சொல்லி, போராட்டத்தின் வேகத்தையும் தாங்களே தீர்மானிக்கிறார்கள் என்று பிக்கோ பின்னர் கூர்மையாக எழுதினார். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது என்ற வாக்கியத்தில் பேசுகிறவர் இன்னும் நடுவில்தான் நிற்கிறார். புரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அவசரம், கேட்பதை நிறுத்திக்கொள்ள ஒரு சாக்காகவும் ஆகிவிடும். நௌடே இந்தக் கண்டனத்துக்கு முழுக்கத் தப்பியவர் என்று சொல்ல முடியாது. ஆனால் கறுப்புத் தன்னுணர்வு இயக்கம் வளர்ந்தபோது அதை எதிர்த்துப் பேசாமல் அதனிடம் கற்றுக்கொள்ள முன்வந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஒதுக்கப்பட்டவர்களின் தாழ்மை எப்படியிருக்கும் என்பதற்கு வேறொரு ஆவணம் இருக்கிறது. 1982-ல் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒட்டாவாவில் கூடி, அபார்ட்ஹைட்டுக்கு இறையியல் நியாயம் தருவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு கேப் டவுனின் பெல்ஹார் பகுதியில் மிஷன் திருச்சபையின் சினாடு தன் விசுவாச அறிக்கையின் வரைவை எழுதியது. 1986-ல் அதை முறையாக ஏற்றது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்ற மூன்றைப் பற்றி அது பேசுகிறது. ஏழைகளுக்கும் அநீதிக்குள்ளானவர்களுக்கும் கடவுள் விசேஷமாகத் துணைநிற்கிறார், திருச்சபையும் அங்கேதான் நிற்கவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறது. அதோடு சேர்த்து ஒரு கடிதமும் வெளியிட்டார்கள். இந்த அறிக்கை எந்த மனிதர்க்கும் எந்தச் சபைக்கும் எதிரானது இல்லை, ஒரு தவறான போதனைக்கு எதிரானது. முதல் கல்லை எறிய எங்களில் எவருக்கும் தகுதியில்லை. எங்கள் கண்ணிலும் உத்தரம் இருக்கிறது என்பது அக்கடிதத்தின் சாரம்.

ஒரு நூற்றாண்டாகப் பின்கட்டடத்தில் வைக்கப்பட்டவர்கள் இதை எழுதினார்கள். நீதிக்கான கோரிக்கையை ஒரு சொல்லளவும் தணிக்காமல் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். யாரும் கேட்டு வாங்காத தாழ்மை அது. வெள்ளையர் திருச்சபை அவர்களிடம் போய் உங்கள் உத்தரத்தையும் ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் அதே வாக்கியம் இன்னொரு கொடுமையாகியிருக்கும். யார் சொன்னது என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சொற்களுக்கு மதிப்பே.

சிக்கல் இன்னும் இருக்கிறது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் ஏறக்குறைய எல்லாத் திருச்சபைகளும் கூடிய மாநாட்டில், ஸ்டெலன்போஷ் இறையியல் பேராசிரியர் வில்லி ஜோங்கர் எழுந்து, அரசியல், சமூக, பொருளாதார அநீதிகளில் தன் பங்கையும் தன் திருச்சபையின் பங்கையும் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார். டெஸ்மண்ட் டூட்டு உடனே எழுந்து, இப்படிக் கேட்கிறவனுக்கு மன்னிப்பு இல்லையென்று என்னால் சொல்ல முடியாது என்ற பொருளில் ஏற்றுக்கொண்டார். முன்னாள் அதிபர் பி.டபிள்யூ. போத்தா இதைக் கேட்டு எரிச்சலடைந்து தன் திருச்சபைத் தலைமைக்குத் தொலைபேசியில் பேசினார், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். கறுப்பினப் பிரதிநிதிகள் சிலருக்கும் மனம் நெருடியது என்பதுதான் யோசிக்கவேண்டியது. டூட்டு ஆங்கிலிக்கன் பேராயர். அந்தத் திருச்சபையின் பின்கட்டடத்தில் வளர்ந்தவர் இல்லை. மற்றவர் பட்ட காயத்துக்கு அவர் மன்னிப்பு வழங்கலாமா?

டூட்டுவின் பக்கம் ஒரு நியாயம் உண்டு: மன்னிப்புக்கு விலை வைத்துக்கொண்டிருந்தால் முதல் அடி எடுத்துவைக்கவே எவரும் வரமாட்டார்கள். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்ற காலம் அது. நெருடியவர்களின் பக்கம் இருக்கும் நியாயமே கனமானது என்று தோன்றுகிறது. மனம் வருந்துகிறவர் மன்னிப்பைக் கேட்கலாம், எதிர்பார்க்கக் கூடாது. காயம்பட்டவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தையும் தாங்கிக்கொள்வதுதான் வருந்துகிறவருக்கு விதிக்கப்பட்ட தாழ்மை.

அபார்ட்ஹைட் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் நடந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கப் பாதிரியார் ஒருவர் சொன்ன கதை அந்நாட்டில் பலருக்கும் தெரியும். ஒரு பையன் இன்னொருவனின் சைக்கிளைத் திருடுகிறான். கொஞ்ச நாள் கழித்து வந்து, சமாதானமாகப் போவோம், பழையதை மறப்போம் என்று கை நீட்டுகிறான். சைக்கிள் எங்கே என்று கேட்கிறான் மற்றவன். நான் சைக்கிளைப் பற்றிப் பேச வரவில்லை, ஒப்புரவைப் பற்றிப் பேச வந்தேன் என்கிறான் திருடியவன்.

ஜோங்கரின் அறிக்கையில் பொருளாதார அநீதி என்ற சொல் இருந்ததால் சைக்கிளும் அதில் இருந்தது என்றே கொள்ளவேண்டும். ஆணையம் 1998-ல் தந்த அறிக்கையில் ஈடுசெய்யும் வழிகளில் ஒன்றாகச் செல்வ வரியையும் குறிப்பிட்டது. அது சட்டமாகவில்லை. ஆணையத்தின் பட்டியலில் இருந்த பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 30,000 ரண்ட் வழங்கப்படும் என்று அதிபர் தாபோ ம்பெக்கி 2003-ல் அறிவித்தார். பணம் பெரும்பாலும் அரசு நிதியிலிருந்து வந்தது; எல்லா இனத்தாரின் வரியும் சேர்ந்த நிதி அது, ஷார்ப்வில்லில் வேலைசெய்து வரி கட்டியவர்களுடையதும் சேர்த்து. திருச்சபைக்குள்ளும் கதை முடியவில்லை: வெள்ளையர் திருச்சபையும், மிஷன் திருச்சபையும் கறுப்பினத் திருச்சபையும் இணைந்து 1994-ல் உருவான ஒன்றிணைந்த சீர்திருத்தத் திருச்சபையும் இன்னும் ஒன்றாகவில்லை. பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக ஏற்பதா என்று வெள்ளையர் திருச்சபை பலமுறை விவாதித்தும், தேவையான பெரும்பான்மை கிடைத்தபாடில்லை.