பக்கத்து ஆசனம்

ஒருவன் செய்கிற செயல் எந்த அளவுக்கு அவனுடையது என்ற வினா, வேதாந்த மடங்களிலும் சைவ ஆதீனங்களிலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்திருக்கிறது. என்னைவிட அறிவிலும் வல்லமையிலும் மிக்க ஒருவர் என் அருகிலேயே வீற்றிருந்து, நினைத்த கணத்தில் என்னைத் தடுத்து நிறுத்தவும் வல்லவராக இருக்கும்போது, நான் செய்வதை நானே செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? அவர் தடுக்காமல் இருப்பதனால் அல்லவா என் செயல் நடக்கிறது? இவ்வினாவைப் பெரிய நூல்களின் வாயிலாகவே அணுகிப் பழகிய நான், அதற்குப் பிரத்தியட்ச விளக்கம் ஒன்று புதுச்சேரித் தெருக்களில் நாள்தோறும் நடமாடிக்கொண்டிருப்பதைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு நிறத்தில் 'எல்' எழுத்தைத் தாங்கிக்கொண்டு, விடியற்காலையில் நூறடிச் சாலையின் ஓரமாகத் தயங்கித் தயங்கி ஊர்ந்து செல்லும் பயிற்சிக் காரைத்தான் சொல்லுகிறேன். அதன் இடப்பக்கத்து முன் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மனிதரின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கிறது. அவர் கைக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை.

மோட்டார் வண்டி ஓட்டுகிறவன் தன் திறமைக்கு அத்தாட்சி பெற்றாக வேண்டும் என்ற ஏற்பாடு, 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரப் போலீஸ் பிறப்பித்த கட்டளையோடு தொடங்கியதாகக் கூறுவர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1954-இல் விடுபட்ட நம் ஊரில் இன்று நடைமுறையில் இருப்பவை இந்திய அரசின் சட்டங்களே. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அடுத்த ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்பிக்க வருகிறவர் பத்தாம் வகுப்பில் தேறியவராகவும், ஐந்தாண்டுக் காலம் வண்டி ஓட்டிய அநுபவம் உள்ளவராகவும், மோட்டார் மெக்கானிக் படிப்பில் சான்றிதழ் பெற்றவராகவும், சாலைக் குறியீடுகளைச் செவ்வனே அறிந்தவராகவும், வண்டியின் பாகங்களை எடுத்துக்காட்டி அவற்றின் தொழிலை விளக்கக்கூடியவராகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கார் கற்பவருக்குப் பயிற்சி இருபத்தொரு நாளுக்குக் குறையக்கூடாது. அதில் அவர் கையால் வண்டி ஓடிய நேரம் பத்து மணிக்குக் குறையக்கூடாது. மோட்டார் சைக்கிள் நீங்கலாக, பயிற்சிக்கென்று வைத்திருக்கும் வண்டி ஒவ்வொன்றிலும் ஆசிரியர் தம் இடத்திலிருந்தே வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ உதவும் இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் தேவையான தகுதிகளே. ஆயினும் இத்தொழிலின் உயிர்நிலையான தகுதி எந்த விதியிலும் எழுதப்படவில்லை, எழுதவும் முடியாது. நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்த எவரும், பிறர் ஓட்டுகிற காரில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, இல்லாத பிரேக்கைக் காலால் தேடி அழுத்துவது வழக்கம். ஆசிரியருக்கோ அந்தப் பிரேக் மெய்யாகவே இருக்கிறது. ஐந்தாண்டும் பத்தாண்டும் ஓட்டி ஓட்டி, யோசனைக்கு முன்னாலேயே கால் நகர்ந்துவிடும் அளவுக்கு ஊறிப்போன ஒரு வித்தையை, அந்த ஆசனத்தில் அமர்ந்த நாள் முதல் அவர் அடக்கிவைக்கக் கற்க வேண்டியிருக்கிறது. மாணவனுக்கு வருகிற ஒவ்வொரு சங்கடத்திலும் அவர் முந்திக்கொண்டு அழுத்திவிட்டால், மாணவனுடைய மனம் தன்னையறியாமலே அந்தக் காலை நம்பத் தொடங்கிவிடும். அவன் இருபத்தொரு நாளும் ஆசிரியருடைய விவேகத்தைக்கொண்டே வண்டி ஓட்டிவிட்டு, இருபத்திரண்டாம் நாள் தனக்கென்று எதுவும் இல்லாதவனாகத் தெருவில் இறங்குவான். சற்றே தாமதித்து அழுத்தினாலோ, ஓர் உயிர் போய்விடலாம். இந்த இரண்டுக்கும் நடுவிலே மிகக் குறுகிய ஓர் இடைவெளி இருக்கிறது. நல்ல ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் வாசம் செய்வது அந்த இடைவெளியில்தான்.

தொடக்கத்தில் வரும் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டு, காலை மெல்ல மெல்லத் தளர்த்துகையில், இயந்திரத்தின் சுழற்சி சக்கரங்களைப் பற்றத் தொடங்கி வண்டி லேசாக நடுங்குகிற ஒரு நிலை வருகிறது. ஹாஃப் கிளட்ச் என்று பயிற்சி ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். "மெதுவா விடுங்க... இழுக்குது பாருங்க... அங்கேயே காலை நிறுத்துங்க" என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்வதற்கு எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. வண்டிக்கு வண்டி அது இடம் மாறும். மாணவனுடைய பாதமே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் வரையில் வண்டி திரும்பத் திரும்ப ஆஃப் ஆகும். பின்னால் நிற்கிற பஸ் ஹாரன் அடிக்கும். மாணவனுடைய முகம் வியர்க்கும். தம் காலடியிலும் ஒரு கிளட்ச் இருந்தும், அதைத் தொடாமல், "பரவாயில்லைம்மா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க, பின்னாடி பார்க்காதீங்க" என்று சொல்லிக் காத்திருக்கிற மாஸ்டர், என் அபிப்பிராயத்தில், பெரியதொரு தவத்தைச் செய்கிறார்.

இவ்வூரோடு பிணைந்துவிட்ட ஸ்ரீ அரவிந்தர், புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த 1910-ஆம் ஆண்டிலேயே, கல்கத்தாவின் 'கர்மயோகின்' பத்திரிகையில் வெளியான கல்வி பற்றிய கட்டுரைகளில், எதையும் ஒருவருக்குப் புகட்டிவிட இயலாது என்பதையே மெய்யான போதனையின் முதல் தத்துவமாக வைத்தார். ஆசிரியன் துணையாகவும் வழிகாட்டியாகவும் இருப்பதோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. பாரதியாருக்கு இதே ஊரில் குருவாக வாய்த்த குள்ளச்சாமியும், இடிந்த சுவரையும் வானத்துச் சூரியனையும் கிணற்று நீரில் தெரிந்த அதன் நிழலையும் விரலால் காட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்; மற்றதைச் சிஷ்யன் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. ஞானத்துக்குப் பொருந்துகிற இது, கிளட்சுக்கும் பொருந்துகிறது என்று சொல்வதில் நான் யாதொரு குறைவையும் காணவில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். ஸ்ரீவைஷ்ணவர்களுள் வடகலையார், தாய்க்குரங்கைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குட்டியைச் சொல்லி ஜீவனுடைய முயற்சிக்கு இடம் தந்தார்கள். தென்கலையார், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைச் சொல்லி அனைத்தையும் பகவானுடைய கிருபைக்கே விட்டார்கள். இரண்டும் ஆழ்ந்த அநுபவத்திலிருந்து பிறந்த உபமானங்களே எனினும், இரண்டிலும் நடப்பது தாய்தான். குட்டி நடக்கக் கற்பதில்லை. கீதையிலும் கடிவாளம் கண்ணனுடைய கையில் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதியில், தன் ஞானத்தை உபதேசித்தபின், நன்றாக ஆராய்ந்து உன் இஷ்டப்படி செய் என்று அவன் அர்ஜுனனிடமே முடிவை ஒப்படைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பயிற்சி வண்டியின் தத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.

எனினும் இதற்கு மிகவும் நெருங்கிய விளக்கத்தை நான் கண்டது சைவ சித்தாந்தத்தில். நமக்கு மேற்கே திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டாரும், தெற்கே சிதம்பரத்தில் உமாபதி சிவமும் நிலைநாட்டிய அந்தத் தரிசனம், இறைவனுடைய தொழில்கள் ஐந்து என்று கூறி, படைத்தல் காத்தல் அழித்தல்களோடு மறைத்தலையும் அருளலையும் சேர்க்கிறது. நான்காவதாகிய மறைத்தலைச் செய்யும் திரோதான சக்தியை, உயிரைப் பிணிக்கும் மலங்களுள் ஒன்றாக எண்ணுகிற சித்தாந்திகள், அது உபசார வழக்கே என்றும், உயிர் உலக அநுபவத்தில் ஈடுபட்டுப் பக்குவம் அடைவதற்காக அருளே தன்னை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்றும் தெளிவுபடுத்துவார்கள். மறைப்பும் அருளே என்ற இந்த வாக்கியத்தை நான் இளமையில் மனனம் செய்தவன்; ஆயினும், தெரிந்த காலை அசையாமல் வைத்துக்கொண்டு, தெரியாத காலுக்கு இடம்விட்டு அமர்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்த பிறகே, அதன் பொருள் என் புத்தியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிற்று. தடுக்கக்கூடியவர் தடுக்காமல் இருப்பது என் செயலை என்னிடமிருந்து பறிப்பதில்லை. அவர் அதை எனக்குத் தருவதே அந்த வழியாகத்தான்.

இத்துடன் நிறுத்திக்கொள்வேனாகில் அது சௌகரியமான தத்துவமாக இருக்கும், நேர்மையானதாக இராது. காருக்குள் குருவும் சிஷ்யனும் இருக்கிறார்கள். தெருவிலோ மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியின் பழைய நகரத்தில் வீதிகள் நேர்கோடுகளாக ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நகரத்தின் நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதில்கள் தெருமுனை வரையில் வந்து நிற்பதால், குறுக்கே வருகிறவர் வந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறார். பள்ளிக்குச் சைக்கிளில் போகும் சிறுமியும், கூடையோடு வரும் மீன்காரம்மாளும், வாடகை ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றிப் பார்க்கிற வெளியூர் இளைஞனும், மாணவனுடைய பக்குவத்துக்காகத் தங்கள் உயிரைப் பணயம் வைக்கச் சம்மதித்தவர்கள் அல்லர். 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது; அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் எந்த வண்டியிலும் இல்லாமல் நடந்து போனவர்கள்.

உயிர்கள் பக்குவப்படுவதற்காக இறைவன் மறைந்து நிற்கிறான் என்றால், அந்தப் பக்குவத்தின் செலவைச் சிந்துகிற இரத்தத்தில் கொடுக்கிற மூன்றாமவருக்கு என்ன பதில்? அவரவர் வினைப்பயன் என்று சித்தாந்திகள் கூறுவார்கள். அவர்கள் பாதங்களில் அமர்ந்து கற்ற நான் மிகுந்த வணக்கத்தோடு சொல்லுகிறேன்: எனக்கு அது போதவில்லை. குறுக்கே ஒரு குழந்தை வரும்போது, அதனுடைய வினைப்படி ஆகட்டும் என்று காலை அசைக்காமல் இருக்கிற ஆசிரியனை எந்தச் சமயமும் மன்னிக்காது, மன்னிக்கவும் கூடாது. பக்கத்து ஆசனத்தின் உபமானம் இறைவனை விளக்குவதற்கு இந்த இடம் வரையில்தான் உதவும். இதற்கு அப்பால் அது நம்மைத்தான் கட்டுப்படுத்துகிறது. மேலே இருக்கிறவனுடைய பிரேக்கு நம் கண்ணுக்குத் தெரியாதது ஆகையால், மனிதர்களுள் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் எவராயினும், அவர் தகப்பனாராயினும் ஆசிரியராயினும் அதிகாரியாயினும், தம்முடைய காலை வினையின்மேலோ விதியின்மேலோ சாட்ட உரிமையற்றவர் ஆகிறார். புது வண்டியை மணக்குள விநாயகர் சந்நிதிக்குக் கொண்டுவந்து மாலையிட்டு, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிச் செல்லும் பக்தியை நான் போற்றுகிறேன். ஆனால் வண்டியில் இருப்பவருக்கு எதுவும் நேராதபடி வேண்டிக்கொள்ளும் நாம், அதன் எதிரில் வரப்போகிறவர் பொருட்டும் ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கொள்வது உண்டா?

பத்து மணி நேரத்தை ஏட்டில் மட்டும் நிரப்பி, தரகர் மூலமாக லைசென்ஸ் வாங்கித் தருவோரும், அதைக் கேட்டு வாங்குவோரும் செய்வது அந்த மூன்றாமவருக்கு இழைக்கும் துரோகம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படும் பெற்றோர்மேல் வழக்குத் தொடுத்து மூன்றாண்டு வரை சிறையில் வைக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அது கடுமையான சட்டம் என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வாசகர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது, எத்தனை நாளில் லைசென்ஸ் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், அருகில் அமரப்போகிறவர் யார், வண்டியில் இரண்டாவது பிரேக் இருக்கிறதா, பத்து மணி நேரமும் பிள்ளையின் கையிலேயே வண்டி ஓடுமா என்று கேளுங்கள். சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் கார் ஒன்று காமராஜர் சாலையில் உங்களுக்கு முன்னால் நின்றுபோனால், ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்றே பொறுத்திருங்கள்.