இடைவெளி அளந்து

வைஸில் இரண்டு எஃகுப் பட்டைகள், இயந்திரக் கைகளாகப் போகிறவை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து இறுக்கி, இரண்டிலும் ஒரே ஓட்டத்தில் துளை போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் என்னதான் அளந்தாலும் துளைக்குத் துளை தூரம் கொஞ்சம் மாறிவிடும். சேர்த்துப் போட்டால் பிழை வந்தாலும் இரண்டிலும் ஒரே பிழை, ஜோடி கோணாது. முதல் துளை விழுந்ததும் அதில் ஒரு பின்னைச் செருகிவிட்டுத்தான் மறுமுனைக்குப் போவது. வெளி வடிவத்தைப் பிறகு அரம் பார்த்துக்கொள்ளும். இயந்திரக் கைக்கு நீளம் என்பது ஓரத்துக்கு ஓரம் இல்லை, துளை மையத்துக்குத் துளை மையம்.

*

செய்துகொண்டிருப்பது ஆட்கின்சன் எஞ்சினின் சிறு மாதிரி. 1876-இல் ஓட்டோ கொடுத்த நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் நான்கும் முடியும். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆட்கின்சன் 1880-களில் அந்த நான்கையும் ஒரே சுற்றில் அடக்கினார். அதற்கு அவர் நம்பியது கைகளை மட்டுமே. கிராங்கிலிருந்து வரும் தண்டு நேராக பிஸ்டனைத் தள்ளுவதில்லை. சட்டத்தில் ஊன்றி ஊசலாடும் இன்னொரு கை இடையில் வந்து, முழங்கை மடங்கி நிமிர்வது போல பிஸ்டனை ஒரே சுற்றில் இருமுறை உள்ளே அனுப்பி இருமுறை இழுக்கிறது. வீச்சுகளும் ஒரே நீளம் இல்லை. எரிந்து விரியும் வீச்சு, உறிஞ்சும் வீச்சைவிட நீளம். சூடான வாயு வீணாக வெளியே போகும் முன் இன்னும் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்ளலாம்.

1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் இந்த நீண்ட விரிவின் பலனைக் கைகள் இல்லாமலே அடைந்தது; உறிஞ்சும் வால்வைத் தாமதமாக மூடினார்கள். ஆட்கின்சனின் கைகளை இன்று வண்டிகளில் தேட வேண்டியதில்லை. வீட்டு லேத்தில் அவற்றைக் கடைந்து பார்ப்பவர்களிடம் இருக்கின்றன.

*

3.8 மி.மீ. ட்ரில், பிறகு 4 மி.மீ. ரீமர். ரீமர் துளை போடுவதில்லை, இருக்கும் துளையைச் சரிப்படுத்துகிறது. எண்ணெய் விட்டு மெதுவாக, ஒரே திசையில் சுற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அதே திசைதான்; பின்னோக்கிச் சுற்றினால் வெட்டுமுனை மழுங்கும். சீவல் மெல்லிய பொடியாகப் பள்ளங்களில் ஏறி வரும். முடிந்ததும் துளையின் வாயில் விரலை வைத்தால் பிசிறு தட்டும். அதை எடுக்காமல் பின்னைச் செருகினால் துளை இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும். அந்த இறுக்கம் பொய். கொஞ்ச நேரம் ஓடியதும் பிசிறு உதிர்ந்து ஆட்டம் கொடுக்கும்.

*

எம். புதுப்பட்டியில் இரும்போடு உட்கார்ந்திருப்பது கொஞ்சம் விநோதம்தான். ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். மருந்து அறைக்குள் இரும்புக்கு இடம் கிடையாது. பித்தளை, மரம் என்று பொறி பறக்காதவையே கருவிகள். வெயில் ஏறும் முன் மருந்துக் கலவையை முடித்துவிடப் பார்ப்பார்கள். விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில் 'உராய்வு காரணமாக' என்ற வார்த்தை அடிக்கடி இருக்கும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி, 2023 அக்டோபர் 17-இல் ரெங்கபாளையம் என்று விபத்துத் தேதிகள் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மனப்பாடம்.

என் மேஜையிலும் அன்றாட விவகாரம் உராய்வுதான். அங்கே உயிர் போகும், இங்கே உலோகம் தேயும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் தடுக்கும் வழியில் ஒன்று பொது: அளந்து விட்ட இடைவெளி. ஆலையில் அறைக்கும் அறைக்கும் நடுவே காலி இடம் விட்டுக் கட்டுவதும், ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைப்பதும் அதற்காகத்தான். வெளியாள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் நிலம். நெருக்கி இன்னொரு ஷெட் போடலாமே என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

*

பின்னுக்கும் துளைக்கும் நடுவே 0.02 மி.மீ. விடுகிறேன். எண்ணெய் படலமாக நிற்க அந்த இடம் வேண்டும். இடமே இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், 0.1 விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். ஒரு மூட்டில் 0.02 ஒன்றுமில்லை. ஆனால் கைகள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஐந்து மூட்டின் ஆட்டமும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிஸ்டனில் 0.1 வரை போய்ச் சேரலாம். ஆட்கின்சனின் ஏற்பாடு எளிமையான ஓட்டோவிடம் தோற்றதில் இந்த மூட்டுகளுக்கும் பங்கு உண்டென்று கைகளைக் கோக்கும்போது தோன்றுகிறது. மூட்டு கூடக்கூடத் தேய்கிற இடமும் கூடும்.

*

அதனால் கைத் துளைகளில் பின் நேரடியாக உட்காராதபடி கன்மெட்டல் புஷ் (வெண்கல உறை) போடுகிறேன். பின் கடினம், புஷ் மிருது. தேய வேண்டிய நாள் வந்தால் புஷ் தேயட்டும். தட்டி வெளியே எடுத்துப் புதிது கடைந்து அடிக்கலாம், கை பிழைக்கும். மேலே ஒரு சிறு எண்ணெய்த் துளை. விட்ட இடைவெளி விட்டபடி நிற்காது. ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் அதை அகலமாக்கும். முதல் நாள் அளவு சரியாக இருந்தது என்பது ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பதில் ஆகாது. மூட்டுக்கு மூட்டு மறுபடி அளந்து எழுத, இந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.