லில்லிப் பூக்களும் விதியும்

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் சோனி ஸ்டுடியோவில் நிர்வாணா குழு எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சிக்காகப் பாடியது. மேடை நிறைய லில்லிப் பூக்கள், கறுப்பு மெழுகுவத்திகள். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டவர் பாடகர் கர்ட் கோபேன். சவ அடக்கம் போலவா என்று தயாரிப்பாளர் கேட்டதற்கு ஆமாம் என்றார். அடுத்த ஏப்ரலில், 27 வயதில், தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் அந்தப் பதிவைப் பார்க்கிறவர்களில் பலர், தன் இறுதிச் சடங்கைத் தானே நடத்திக்கொண்ட மனிதனைத்தான் அதில் காண்கிறார்கள். நடந்து முடிந்ததை வைத்துக்கொண்டு முந்தைய நாளுக்கு விதி எழுதும் இந்தப் பார்வையை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 16இல் நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பானபோது யாரும் அதை மரண சாசனமாகப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் அறிந்த ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’டை விட்டுவிட்டார்கள், பாடிய 14 பாடல்களில் ஆறு பிறருடையவை. அன்றைக்கு வியப்பு அதுதான். அவர் இறந்த பிறகு எம்டிவி அதைத் திரும்பத் திரும்பப் போட்டபோதுதான் பூக்களுக்கு வேறு பொருள் ஏறியது. கடைசிப் பாடல், லெட் பெல்லி பாடிப் புகழ்பெற்ற பழைய நாட்டார் பாட்டு. முடிகிற இடத்தில் கோபேனின் குரல் பிளந்து நிற்கிறது. கண்ணை அகலத் திறந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு மிச்சத்தைப் பாடுகிறார். அந்த மூச்சில் மரணத்தைக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதே பாட்டைத் தொடங்குமுன், லெட் பெல்லியின் கிடாரை ஐந்து லட்சம் டாலருக்குத் தன்னிடம் விற்கப் பார்த்தார்கள் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தவரும் அவரே. மூச்சை மட்டும் சாட்சிக்கு அழைத்து, சிரிப்பை வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

வலி உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். தீராத வயிற்று வலியும் போதைப் பழக்கமும் அவரை வாட்டின. அது குரலில் கேட்பதில் தவறில்லை. வலி இருந்தது என்பது வேறு, முடிவு எழுதப்பட்டிருந்தது என்பது வேறு. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே, ஆள்வினையுடைமையில் அதை வெல்லவும் இடம் வைத்தார். சாவு முன்பே நிச்சயம் என்றால், அவரைக் காப்பாற்ற யாராலும் முடிந்திருக்காது என்றாகிறது. இன்று அதே இருளில் தவிக்கிற ஒருவரைப் பார்த்தும் நாம் கைகட்டி நிற்கலாம் என்றாகிறது. இந்தக் கொடுமைக்காகத்தான் அந்த வாசிப்பை மறுக்கிறேன். அன்றைய மேடையில் எதிர்காலம் திறந்தே இருந்தது. பெரிய நட்சத்திரங்களை விருந்தினராக எதிர்பார்த்த சேனலுக்கு, அதிகம் பேர் அறியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் கர்க்வுட் சகோதரர்களை அழைத்து வந்து அவர்களின் மூன்று பாடல்களைப் பாடினார் கோபேன். இன்னொருவரின் பாட்டு நாளைக்கும் கேட்கப்பட வேண்டும் என்று விரும்பியவர் செய்கிற காரியம் அது.