விளக்கு ஒரு வீட்டில், விலை இன்னொரு வீட்டில்

ஒரு சாமான் மலிவு என்று சொல்லும்போது, யாருக்கு மலிவு என்று நாம் கேட்பதில்லை. வாங்குகிறவன் குறைவாகக் கொடுத்தால் மலிவு என்று சொல்லிவிடுகிறோம். குறைந்த காசு எங்கே போயிற்று? சில சமயம் அது உண்மையாகவே மிச்சம். சில சமயம் அது வேறொருவன் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. அணு மின்சாரம் மலிவா, சூரியன், காற்று, ஆறு இவற்றிலிருந்து எடுக்கும் மின்சாரம் மலிவா என்று நடந்துவரும் வாதத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்த விவகாரம் நம் மலேசியாவுக்குப் புதிதல்ல. 2011இல் அணுமின் திட்டத்துக்கென்றே சர்க்கார் ஒரு கழகத்தை ஏற்படுத்தி, 2021இல் முதல் உலை ஓடும் என்று கணக்குப் போட்டது. 2018இல் பிரதமராயிருந்த டாக்டர் மகாதீர், கழிவின் தொல்லையைக் காரணம் காட்டி அணு மின்சாரம் வேண்டாம் என்று சொன்னார். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுவின் பேச்சு மறுபடியும் இடம் பெற்றது.

அணுவை ஆதரிப்போர் சொல்வது என்ன? அணு உலை இரவு பகல் பாராமல் ஓடும்; புகை கக்காது; சிறிய இடம் போதும். சூரியனோ மாலையில் மறைந்துவிடும், மழைக்காலத்தில் பகலிலும் முகம் காட்டாது. ஆகையால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செலவையும் அதன் விலையில் சேர்க்கவேண்டும் என்கிறார்கள். மறுதரப்பார், உலை கட்டி முடிப்பதற்குள் காலமும் பணமும் கரைந்துவிடும், சூரியத் தகட்டின் விலையோ 2010க்குப் பிறகு வெகுவாக இறங்கிவிட்டது என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பாரும் பெரும்பாலும் காட்டுவது ஒரு யூனிட்டுக்கு எத்தனை காசு என்ற ஒரே பத்தியைத்தான். கணக்குப் புத்தகத்தில் இன்னும் இரண்டு பத்திகள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவன் கொடுப்பது ஒன்று. இன்னும் பிறக்காதவன் கொடுக்கப்போவது மற்றொன்று.

நம்மில் அநேகருடைய பூர்வீகம் திருநெல்வேலிச் சீமையும் இராமநாதபுரமும் ஆதலால், அங்கே நடந்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு இந்தியாவும் சோவியத் ரஷ்யாவும் 1988இல் உடன்படிக்கை செய்துகொண்டன. கட்டட வேலை 2002இல் ஆரம்பமாயிற்று. முதல் உலையின் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013 அக்டோபரில்தான். இரண்டு உலைகளுக்கும் 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பு 17,270 கோடியாக ஏறிற்று. இதெல்லாம் முதல் பத்தியில் வரும் கணக்கு.

இரண்டாவது பத்தியை எழுதியவர்கள் இடிந்தகரை மீனவ மக்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு நிலையம் சுனாமியால் சீர்குலைந்ததைக் கண்ட அவர்கள், தங்கள் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆகுமோ என்று அஞ்சி, அவ்வாண்டிலிருந்து பெருந்திரளாகப் போராடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவாயின. 2013 மே 6ஆம் தேதி இந்திய உச்சநீதிமன்றம் நிலையம் இயங்கலாம் என்று தீர்ப்பளித்து, பாதுகாப்புக்கென்று 15 நிபந்தனைகளையும் விதித்தது.

அந்த மக்கள் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோவதும் நியாயமாகாது. அதே காலத்தில், 2012ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பட்டறைகள் நின்றன, கூலி போயிற்று. அந்தத் தொழிலாளியும் ஏழைதான். அவனுக்கு மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவனுடைய வெளிச்சத்துக்காக இன்னொருவன் அச்சத்தில் வாழலாமா என்பதே இங்கே எழுந்த தர்மசங்கடம்.

சரி, சூரியனும் நீரும் தூயவை ஆயிற்றே, அவற்றின் கணக்கில் இரண்டாவது பத்தி காலியாக இருக்குமா என்றால், இல்லை. சரவாக்கில் பாக்குன் அணை 2,400 மெகாவாட் சக்தி கொண்டது. 2011இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அதற்காக ஏறக்குறைய 10,000 பூர்வகுடி மக்கள் தம் நீண்ட வீடுகளையும் முன்னோர் நிலத்தையும் விட்டுச் சுங்கை ஆசாப்பில் குடியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ சிங்கப்பூர் அளவு நிலம் நீருக்குள் போயிற்று. புகையில்லா மின்சாரம்தான், ஆனால் அதன் கிரயத்தில் பெரும்பங்கைக் கொடுத்தவர் அந்த மக்கள்.

இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016இல் எழுந்தது. அதன் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகள் வாங்குவதாக ஒப்பந்தமாயிற்று. மறு ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தின் ஏல விலை அதில் ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிட்டது. முந்தி வாங்கியவர் அதிக விலைக்குக் கட்டுப்பட்டுவிட்டார். அந்தச் சுமை பொதுமக்களுடையது. நம் நாட்டிலும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென்று 2011 டிசம்பரிலிருந்து பில்லில் 1 சதவீதம் சேர்த்தார்கள். 2014இல் அது 1.6 சதவீதமாயிற்று. ஆனால் மாதம் 300 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்கு அளித்தார்கள். அதிகம் எரிப்பவன் கொடுக்கட்டும், ஏழையின் ஒற்றை விளக்கைத் தொடவேண்டாம் என்ற இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது.

ஆகவே அணு பாவம், சூரியன் புண்ணியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இயலாது. அப்படியானால் இரண்டும் சமந்தானா? அல்ல. திருப்பிக் கொடுக்கக்கூடிய நஷ்டம் ஒன்று. திருப்பவே முடியாத நஷ்டம் ஒன்று. இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது.

சூரியத் தகட்டுக்கு அதிகம் கொடுத்தோமென்றால் அது நம் காலத்திலேயே நம் கையால் கொடுத்த பணம். தப்பு என்று கண்டால் தகட்டைக் கழற்றலாம், ஒப்பந்தத்தைத் திருத்தலாம். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் அப்படிப்பட்டதல்ல. அதிலுள்ள புளூட்டோனியம் என்ற பொருள் பாதியாகக் குறைவதற்கே சுமார் 24,000 ஆண்டுகள் செல்லும். கூடங்குளத்தில் அந்தப் பொருளை உலைக்கு வெளியே வைத்துக் காக்க ஓரிடம் கட்டக் கொடுத்திருந்த கெடு 2018இல் முடிந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. 2022 வரை தவணை கொடுக்கப்பட்டது. தவணை கேட்டவர்களும் கொடுத்தவர்களும் இக்காலத்தவர். காவல் காக்கப்போகிறவர்களோ இனிமேல் பிறக்க வேண்டியவர்கள்.

கதிர்வீச்சுக் கழிவு என்றால் என்னவென்று நம் நாடும் அறியும். பேராக்கில் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இருந்தது மின்நிலையமல்ல. ஈயமணலிலிருந்து அரிய கனிமம் எடுத்த தொழிற்சாலை. அதன் கழிவில் தோரியம் இருந்தது. ஊர்மக்கள் 1985இல் வழக்காடினார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். 1993இல் மேல்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1994இல் தொழிற்சாலை மூடப்பட்டது. துப்புரவு வேலையோ அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. லாபம் முடிந்த பிறகும் செலவு முடியவில்லை.

நம் மார்க்கச் சட்டத்தில் ஒருவர் மௌத்தானால், அடக்கச் செலவுக்குப் பின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடனைத் தீர்க்கவேண்டும், மிச்சம்தான் வாரிசுகளுக்கு. சொத்துக்கு மிஞ்சிக் கடன் இருந்தால் அது பிள்ளைகள் மேல் கட்டாயமாகாது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளும் இதை அறிவார்கள். தகப்பன் விருந்துண்டு, மகனுடைய உழைப்பின் மேல் கடன் எழுதிவைக்க முடியாது என்பது இதன் கருத்து. இரண்டு தலைமுறை விளக்கெரிக்க, நூறு தலைமுறைகள் காவல் காக்கவேண்டும் என்றால், அந்தக் கடன் சீட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறது?

இதற்கு அணுவை ஆதரிப்போர் ஒரு பலமான பதில் சொல்வார்கள். இப்போது நாம் எதை எரிக்கிறோம்? நமக்குத் தெற்கே பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் நிலையம், கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் தருகிறது. அந்தப் புகையும் கடன் சீட்டுதான். ஏறும் வெப்பத்தையும் ஏறும் கடலையும் பேரப்பிள்ளைகளே அனுபவிப்பார்கள். இந்தப் பதிலை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அணு வேண்டாம் என்று கூட்டத்தில் கை தூக்கிவிட்டு, கரியில் வந்த குளிர்சாதனத்தின் கீழ் நிம்மதியாகத் தூங்குகிறவன் ஒரு கடனைத் தவிர்த்து மற்றொரு கடனை வாங்கினவனே ஆவான்.

ஆகையால் என் முடிவு இதுதான். இன்று கூடுதலாகக் கொடுத்தாலும் நம் காலத்திலேயே கொடுத்துத் தீர்க்கக்கூடிய வழியே மேலானது. சூரியனும், மின்கலமும், சிக்கனமும் அந்த வழியில் சேர்ந்தவை. அதற்காக மாதம் சில வெள்ளி கூடினால், கடையில் குளிர்பெட்டிகளை இரவெல்லாம் ஓட்டும் நம்மைப் போன்ற வியாபாரிகள் முகம் சுளிக்காமல் கொடுக்கவேண்டும். கூலிக்காரன் வீட்டுக்கு அது ஏறாதபடி சர்க்கார் பார்த்துக்கொள்ளவேண்டும். எந்தச் சக்தியானாலும் குடிபெயர்க்கப்படும் மக்களின் சம்மதமும் முழு நஷ்டஈடும் முதலில் கணக்கில் ஏறவேண்டும். அணுதான் வேண்டும் என்பவர்கள், கழிவை எங்கே, யார், எந்தப் பணத்தில், எத்தனை காலம் காப்பது என்பதை முதல் செங்கல்லுக்கு முன்னரே மக்கள் முன் எழுதி வைக்கட்டும்.

இனி யாராவது மேடையேறி, இந்த மின்சாரம் மலிவு என்று சொன்னால், வாசகர்கள் எழுந்து மூன்றே கேள்விகள் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். விளக்கு யார் வீட்டில் எரிகிறது? விலையை யார் கொடுக்கிறார்? கொடுப்பவரைக் கேட்டீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை நம் சம்மதத்தைக் கொடுக்கவேண்டாம்.